ஆங்கிலச் சொல்லின் வால்: பொருளும் தமிழாக்கமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் அன்றாட வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும் ஆங்கிலம் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். இலக்கணப் புத்தகத்தில் பின்னொட்டு, விகுதி என்றெல்லாம் பெயர் இருக்கிறது. நான் வால் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

வாலைத் தெரிந்துகொண்டால் சொல்லின் பொருள் தெரிந்துவிடுமா?

பாதி தெரியும். வால் அந்தச் சொல் எந்த வகை என்று சொல்லும்: ஒரு படிப்பா, நோயா, கொள்கையா, ஆளா. எதைப் பற்றிய படிப்பு, எந்த உறுப்பின் நோய் என்பதெல்லாம் தலைப்பகுதியில் இருக்கும். 'டெர்மட்டாலஜி', 'டெர்மட்டைடிஸ்' இரண்டிலும் தலை ஒன்றுதான், கிரேக்கத்தில் தோல். வால் மாறியதும் ஒன்று தோலியல், மற்றது தோலழற்சி. ஆனால் வால் போலத் தெரிவதெல்லாம் வால் இல்லை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன என்பதால் கீழே அதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

'லஜி' என்று முடிந்தால் எல்லாமே 'இயல்' தானா?

முக்கால்வாசி ஆம். பயாலஜி உயிரியல், ஜுவாலஜி விலங்கியல், சைக்காலஜி உளவியல், சோஷியாலஜி சமூகவியல், தியாலஜி இறையியல். வாலின் மூலம் 'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல். பேச்சு, சொல், காரணம் காட்டிப் பேசும் அறிவு எல்லாம் அதில் அடங்கும். ஒன்றைப் பற்றி முறையாகப் பேசுவது என்பதிலிருந்து 'ஒரு துறைப் படிப்பு' என்ற பொருள் வந்தது.

இடிக்கும் இடம் ஜியாலஜியும் ஜியாகிராஃபியும். 'கிராஃபி' என்றால் எழுதுதல், வரைதல். ஜியாகிராஃபி சொல்லளவில் புவியை வரைந்து காட்டுவது. ஆனால் தமிழில் அதற்கே 'புவியியல்' என்று பெயர் வைத்துவிட்டோம். 'இயல்' ஏற்கெனவே போய்விட்டதால், உண்மையிலேயே 'லஜி' வாலுள்ள ஜியாலஜிக்கு 'நிலவியல்' என்று வேறு தலை தேட வேண்டியதாயிற்று. வாலை மட்டும் பார்த்து ஜியாலஜியைப் புவியியல் என்று எழுதினால், பாறையையும் கனிமத்தையும் பற்றிய கட்டுரை வரைபடப் பாடமாகிவிடும்.

அஸ்ட்ராலஜிக்கும் அஸ்ட்ரானமிக்கும் இதே கதை. வால்படி பார்த்தால் அஸ்ட்ராலஜிதான் வானியலாக இருக்க வேண்டும். அது சோதிடம் ஆகிவிட்டது. பழங்காலத்தில் இரண்டு சொற்களும் ஏறத்தாழ ஒன்றுக்கே வழங்கின. பிறகு வழி பிரிந்தபோது, 'நாமோஸ்' அதாவது ஒழுங்கு அல்லது சட்டம் என்ற வாலைப் பெற்ற அஸ்ட்ரானமி அறிவியலுக்குப் போனது.

அப்பாலஜி, ஆன்தாலஜி, யூலஜி இவையும் படிப்புகளா?

இல்லை, ஆனால் வால் போலியும் இல்லை. இங்கே 'லோகோஸ்' பேச்சு என்ற தன் முதல் பொருளிலேயே நிற்கிறது. அப்பாலஜி என்பது கிரேக்கத்தில் தன் பக்க நியாயத்தை எடுத்துச்சொல்லும் எதிர்வாதப் பேச்சு. மன்னிப்பு என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னால் வந்தது. அதனால்தான் பழைய தத்துவ நூல்களின் தலைப்பில் இந்தச் சொல் வந்தால் 'மன்னிப்பு' என்று போடக் கூடாது. அங்கே யாரும் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார்கள், வாதாடிக்கொண்டிருப்பார்கள். யூலஜி என்றால் நல்ல சொல். இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசும் புகழுரை. அனாலஜி ஒப்புமை.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஆன்தாலஜி. 'ஆன்தோஸ்' பூ, வாலில் இருப்பது 'பொறுக்கிச் சேர்' என்ற பழைய வினை. பூப்பறித்துச் சேர்த்தது. நல்ல கவிதைகளை ஆய்ந்து ஒன்றாகக் கட்டியதற்கு அந்தப் பெயர். தமிழில் தொகை, தொகைநூல் என்கிறோம். எட்டுத்தொகை என்ற பெயரிலும் அதே சேர்க்கும் வேலைதான் இருக்கிறது, பூ மட்டும் இல்லை.

'ஃபோபியா' வந்தால் 'அச்சம்' என்று எழுதிவிடலாமா?

நானும் அப்படித்தான் எழுதினேன், ஒரு மருத்துவக் கையேட்டில். 'நோயாளிக்குக் காய்ச்சல், கழுத்து விறைப்பு, ஒளி அச்சம் ஆகியவை இருக்கும்.' சரிபார்த்த மருத்துவர் பக்க ஓரத்தில் ஒரே சொல் எழுதித் திருப்பி அனுப்பினார்: 'கண்கூச்சம்'. ஃபோட்டோஃபோபியா என்பது வெளிச்சத்தைக் கண்டு பயப்படுவது இல்லை, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது. நோயாளி டாக்டரிடம் போய் 'எனக்கு ஒளி அச்சம்' என்று சொல்லமாட்டார், 'லைட்டைப் பார்த்தா கண்ணு கூசுது' என்பார். தமிழ்ச் சொல் முன்பே இருந்தது. நான்தான் வாலைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் இந்த வாலை நாலு கூறாகப் பிரித்துக்கொண்டேன்.

மனநலம் சார்ந்தவை: இங்கே அச்சம் சரி. அக்ரோஃபோபியா உயர அச்சம். கிளாஸ்ட்ரோஃபோபியா மூடிய இட அச்சம். அகோராஃபோபியாவைச் சில அகராதிகள் 'திறந்தவெளி அச்சம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும். அகோரா என்றால் கிரேக்க ஊர்களின் சந்தைவெளி, ஆட்கள் கூடும் இடம். 1871-ல் கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தப் பெயரை வைத்தார். கூட்டம், பேருந்து, வரிசை என்று சட்டென்று வெளியேற முடியாத இடங்களைப் பற்றிய அச்சம் இது. திறந்த வெளி அதில் ஒரு பகுதிதான்.

உடல் சார்ந்தவை: கண்கூச்சம் போல. ஹைட்ரோஃபோபியா வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி. தண்ணீர் குடிக்கப் போனாலே தொண்டைத் தசைகள் இழுத்துப் பிடிக்கும், அதனால் நோயாளி தண்ணீரைக் கண்டாலே மிரள்வார்.

சமூகம் சார்ந்தவை: ஸீனோஃபோபியாவை 'அயலார் அச்சம்' என்றால் பயப்படுபவர் பாவம் என்று தோன்றிவிடும். 'அயலார் வெறுப்பு' என்பதே நடைமுறைப் பொருள்.

வேதியியல்: ஹைட்ரோஃபோபிக் பரப்பு எதற்கும் பயப்படுவதில்லை, தண்ணீரை ஒட்டவிடுவதில்லை. 'நீர்விலக்கும்' போதும். தாமரை இலைத் தண்ணீர் போல என்று உறவைச் சொல்வோமே, அந்த இலைதான் இதற்கு எடுத்துக்காட்டு.

'ஐடிஸ்' என்றால் 'அழற்சி' என்கிறார்களே, அது என்ன?

தமிழ்க் கலைச்சொற்களிலேயே பொருத்தமான ஒன்று. அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன் என்பதற்குள் இருப்பதும் லத்தீனின் தீச்சுடர்தான். இரண்டு மொழியும் சிவந்து, வீங்கி, சூடாகி எரிகிற உடம்பை நெருப்பாகவே பார்த்திருக்கின்றன.

வாலுக்குக் கிரேக்கத்தில் அழற்சி என்ற பொருளே கிடையாது. 'சார்ந்த' என்பதுதான் பொருள். ஆர்த்ரைடிஸ் என்றால் 'மூட்டு சார்ந்த நோய்', அதில் 'நோய்' என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. பிறகு மருத்துவர்கள் அழற்சி நோய்களுக்கெல்லாம் இந்த வாலை ஒட்ட ஆரம்பித்தார்கள். அப்பெண்டிசைடிஸ் என்ற சொல் 1886-ல் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது. தமிழில் குடல்வால் அழற்சி. ஹெபடைடிஸ் கல்லீரல் அழற்சி, கேஸ்ட்ரைடிஸ் இரைப்பை அழற்சி.

ஹெபடைடிஸை 'மஞ்சள் காமாலை' என்று எழுதுவது வழக்கம்தான். ஆனால் காமாலை அறிகுறி. வேறு காரணங்களாலும் வரும், கல்லீரல் அழற்சி காமாலையே இல்லாமலும் இருக்கும். பேச்சில் சரி, பரிசோதனை அறிக்கையில் வேண்டாம்.

அறுவை சிகிச்சைப் பெயர்களில் டமி, எக்டமி, ஆஸ்டமி என்று வருகிறது. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, குழப்பினால் ஆபத்து. 'டமி' அல்லது 'ஆட்டமி' வெட்டித் திறப்பது. 'எக்டமி' வெட்டி வெளியே எடுப்பது. 'ஆஸ்டமி' ஒரு வாய் அமைப்பது. 'ஸ்டோமா' என்றால் கிரேக்கத்தில் வாய். அப்பெண்டெக்டமி குடல்வால் நீக்கம். கொலாஸ்டமியில் பெருங்குடலை நீக்குவது என்பது பொருளில்லை, வயிற்றுச் சுவரில் அதற்கு ஒரு திறப்பு வைப்பது. ஒப்புதல் படிவத்தில் இதைக் 'குடல் நீக்கம்' என்று எழுதினால் கையெழுத்துப் போடுபவர் வேறெதற்கோ சம்மதிக்கிறார்.

அனாட்டமி இதே குடும்பம்: கூறு போட்டுப் பார்ப்பது. உடற்கூறியல் என்பதில் உள்ள 'கூறு' அப்படியே பொருந்துகிறது. ஆட்டம் என்ற அணுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். வெட்ட முடியாதது என்று பெயர் வைத்தார்கள். 1897-ல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்ததும் அந்தப் பெயர் பொய்யாகிவிட்டது, ஆனாலும் யாரும் மாற்றவில்லை.

'எமியா' என்றால் இரத்தமா?

ஆம், இரத்தத்தின் நிலை. அனீமியா சொல்லளவில் 'இரத்தமின்மை', தமிழில் இரத்தசோகை. லுக்கீமியா 'வெள்ளை இரத்தம்'. ருடால்ஃப் ஃபிர்கோ என்ற ஜெர்மானிய மருத்துவர் 1847-ல் வைத்த பெயர். தமிழில் இரத்தப் புற்றுநோய் என்றால் எல்லோருக்கும் புரியும். அகடெமியாவில் மட்டும் இரத்தம் தேடாதீர்கள். அது பிளேட்டோ பாடம் சொன்ன இடத்தின் பெயரிலிருந்து வந்தது.

'சைட்' வந்தால் கொலை என்று நினைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும். இன்செக்டிசைட் பூச்சிக்கொல்லி, ஹெர்பிசைட் களைக்கொல்லி, ஃபங்கிசைட் பூஞ்சைக்கொல்லி. இங்கே தமிழ் 'கொல்லி' கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரே வால் கொல்லும் பொருளுக்கும் கொல்லும் செயலுக்கும் வரும்; தமிழில் செயலுக்குக் 'கொலை' என்று மாற்ற வேண்டும். ஜெனோசைட் இனப்படுகொலை. ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் உருவாக்கிய சொல், 1944-ல் வெளிவந்த அவருடைய நூலில் அச்சேறியது. தலை கிரேக்கம், வால் லத்தீன்.

அந்த லத்தீன் வினைக்கு வெட்டு என்பதுதான் அடிப்படைப் பொருள். டிசைட் என்ற சொல்லிலும் இதே வால் இருக்கிறது: வெட்டி முடிப்பது. தமிழில் ஒருவர் தயங்காமல் முடிவு சொன்னால் 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்போம். லத்தீன்காரருக்கும் அதே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது.

கோயின்சைடு மட்டும் ஏமாற்றும். எழுத்தில் வால் ஒன்றே, மூலம் வேறு: 'விழு' என்ற வினை. இரண்டு ஒரே இடத்தில் வந்து விழுவது, அதாவது ஒரே நேரத்தில் நேர்வது. ஆக்ஸிடென்ட் இதன் உடன்பிறப்பு.

'இஸம்' என்பதற்குத் தமிழில் இயம், வாதம், த்துவம் என்று மூன்று இருக்கின்றனவே, எதைப் போடுவது?

விதி கிடையாது, வழக்கு உண்டு. ஃபெமினிஸம் பெண்ணியம், மார்க்ஸிஸம் மார்க்சியம், கேப்பிட்டலிஸம் முதலாளித்துவம், மாடர்னிஸம் நவீனத்துவம், டெரரிஸம் பயங்கரவாதம். ஆள் பெயருக்குப் பின்னால் 'இயம்' இயல்பாக ஒட்டும். 'வாதம்' தத்துவச் சொற்களில் நடுநிலையாகத்தான் இருக்கிறது, பொருள்முதல்வாதம் போல. அரசியல் செய்தியில் வந்தாலோ கொஞ்சம் வசை வாடை அடிக்கும்: சந்தர்ப்பவாதம், பிரிவினைவாதம். ஒரு கொள்கையைப் புதிதாகத் தமிழாக்கும்போது அதைப் பின்பற்றுபவர் அந்தச் சொல்லைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்வாரா என்று கேட்டுப் பார்ப்பேன். மாட்டார் என்றால் வாலை மாற்றுவேன்.

பல 'இஸம்' கொள்கையே இல்லை. டூரிஸம் சுற்றுலா, ஆர்கனிஸம் உயிரி, மெட்டபாலிஸம் வளர்சிதைமாற்றம், ஆல்கஹாலிஸம் குடிநோய். பிரிஸம் வாலே இல்லாதது. 'அறுக்கப்பட்ட பொருள்' என்ற கிரேக்கச் சொல், தமிழில் பட்டகம்.

நம் பக்கத்திலும் இதே வேடிக்கை நடக்கிறது. பயங்கரவாதம், முடக்குவாதம் இரண்டிலும் வால் ஒன்றா? இல்லை. முதலாவது வாதாடுகிற வாதம். இரண்டாவது வாதம், பித்தம், கபம் என்று சொல்லும் வாதம். வடமொழியில் எழுத்து வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் முடக்குவாதத்தை ஏதோ தேக்கநிலைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

'ஏபிள்' என்று முடிவதற்குக் 'கூடிய' போடுவதா, 'தக்க' போடுவதா?

முடியும் என்றால் 'கூடிய', தகும் என்றால் 'தக்க'. ரீடபிள் என்பது எழுத்தைப் பற்றியா, புத்தகத்தைப் பற்றியா? கையெழுத்து படிக்கக்கூடியது, நாவல் படிக்கத்தக்கது. ஆங்கிலம் பிரிக்காத இடத்தில் தமிழ் பிரிக்கிறது, அதனால் மொழிபெயர்ப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகைகளில் வரும் இன்ஃப்ளேமபிள் இன்னொரு பொறி: முன்னால் உள்ள 'இன்' இல்லை என்று மறுப்பதில்லை, தீப்பற்றக்கூடியது என்றுதான் பொருள். டேபிள், கேபிள் இவற்றில் வால் இல்லை.

'லெஸ்' என்றால் 'அற்ற'. இதில் என்ன சிக்கல்?

எண்ணற்ற, வீடற்ற, இரக்கமற்ற எல்லாம் சரி. பிரைஸ்லெஸ்தான் சிக்கல். 'விலைமதிப்பற்ற' என்று எழுதுகிறோம். நிறுத்திப் படித்தால் மதிப்பே இல்லாதது என்றும் கேட்கிறது. வொர்த்லெஸ் என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லே 'மதிப்பற்ற' அல்லவா? 'விலைமதிக்க முடியாத' என்று எழுதினால் சண்டை தீர்ந்தது. வழக்கில் ஊன்றிவிட்டதைத் தவறென்று திருத்திக்கொண்டிருக்கமாட்டேன், நான் எழுதும்போது மட்டும் தவிர்ப்பேன்.

ட்ரெய்னர், ட்ரெய்னீ: இரண்டுக்கும் 'பயிற்சியாளர்' என்கிறார்களே?

'அர்' செய்பவர், 'ஈ' பெரும்பாலும் செயலுக்கு ஆட்படுபவர். தமிழ் 'ஆளர்' இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஒரு நிறுவனத்தின் விதிகளை மொழிபெயர்த்தபோது நான் எழுதிய வரி: 'பயிற்சியாளர்கள் ஒன்பது மணிக்குள் வர வேண்டும், தாமதமானால் பயிற்சியாளர் அனுமதி பெற வேண்டும்.' யார் யாரிடம் அனுமதி பெறுவது? அன்றிலிருந்து பயிற்றுநர், பயிற்சி பெறுபவர் என்று பிரித்துவிட்டேன்.

கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் என்று பள்ளியிலேயே எழுதிப் பழகியிருக்கிறோம். இந்த 'நர்' நல்ல வால், தாராளமாகப் பயன்படுத்தலாம். ஓட்டுநர், இயக்குநர் என்று சிறிய 'ந' போட்டு எழுதுங்கள். 'ஓட்டுனர்' எங்கும் கண்ணில் படுகிறது, ஆனால் விகுதி 'நர்' தான். எம்ப்ளாயர், எம்ப்ளாயீ இரண்டுக்கும் வேலை தருபவர், வேலை செய்பவர் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். எஸ்கேப்பீ மட்டும் விதிக்கு வெளியே: தப்பிக்கப்பட்டவர் இல்லை, தப்பியோடியவர்.

'ஓ-யு-ஜி-எச்' என்று முடியும் சொற்களுக்கு ஏதாவது பொதுப் பொருள்?

எதுவும் இல்லை. தோ, த்ரூ, காஃப், டஃப், பவ் என்று ஒலியே ஐந்து விதமாகப் போகிறது. மனப்பாடம்தான்.

புதிய வால்கள் இன்றும் முளைக்கின்றனவா?

முளைக்கின்றன, பெரும்பாலும் தப்பாக வெட்டியதால். ஆல்கஹாலிக் என்பதில் வால் 'இக்' மட்டுமே. அதை 'ஹாலிக்' என்று வெட்டி எடுத்து வொர்க்கஹாலிக் செய்தார்கள். தமிழில் வேலைப்பித்தர் என்றால் போதும். மாரத்தான் கிரேக்கத்தில் ஓர் ஊர். அதன் கடைசித் துண்டு 'நீண்ட நேரம் தொடரும் நிகழ்ச்சி' என்ற வாலாகி வாக்கத்தான், டெலித்தான் வந்தன. வாட்டர்கேட் வாஷிங்டனில் ஒரு கட்டட வளாகம். 1972-ல் அங்கிருந்த கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்து பிடிபட்டதில் தொடங்கிய விவகாரம் அமெரிக்க அதிபர் நிக்சனின் பதவி விலகலில் முடிந்தது. அன்றிலிருந்து எந்த முறைகேட்டுக்கும் 'கேட்' ஒட்டுகிறார்கள். தமிழில் அதைக் 'கதவு' என்று மொழிபெயர்த்தால் சிரிப்பார்கள். 'ஊழல்', 'விவகாரம்' என்பதில் ஒன்றை இடம் பார்த்துப் போடலாம்.

ஹெலிகாப்டரைப் பெரும்பாலோர் 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிப்பார்கள். உண்மையில் 'ஹெலிகோ', 'ப்டர்': சுழலும் இறக்கை. தப்பாகப் பிரித்த தலையை வைத்து ஹெலிபேட் வந்தாயிற்று, வாலை வைத்து குவாட்காப்டரும் வந்தாயிற்று.

ஒரே முடிவுள்ள சொற்களை மொத்தமாகத் தேடிப் பார்க்க வழி உண்டா?

உண்டு. பல இணைய அகராதிகளில் முன்னால் ஓர் உடுக்குறி (*) போட்டு, அதை ஒட்டி வாலை ஆங்கிலத்தில் தட்டினால் அப்படி முடியும் சொற்கள் வரிசையாக வரும். வந்ததும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வால் உண்மையான பொருளில் இருப்பவை, அதே வால் பழைய பொருளில் இருப்பவை, எழுத்து மட்டும் ஒத்துப்போகிறவை. சந்தேகம் வரும் சொல்லுக்குச் சொற்பிறப்பு வரியைப் படியுங்கள், பெரும்பாலும் பதிவின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் கண்கூச்சத்துக்கு முன்னால் அதைப் படித்ததே இல்லை.